விதானையார் தராத கடிதம்

மல்வேர்னில் எங்கள் கட்டடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தில்லையம்பலம் என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. லிஃப்டிலும் பஸ் தரிப்பிலும் உடுப்புத் தோய்க்கிற அறையிலும் நான் விதானையார். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் கிராம சேவகராக இருந்தவன். அந்தப் பதவியின் பழைய பெயர் விதானை. அரசாங்கம் பெயரை மாற்றியது, சனம் மாற்றவில்லை. நான் கனடாவுக்கு வந்து ஆறு வருடமாகியும் மாற்றவில்லை.

பழக்கத்தையும் அவர்கள் விடவில்லை. ஊரில் விதானையின் கடிதம் இல்லாமல் ஒருவர் பிறந்தார் என்றோ, இருக்கிறார் என்றோ, செத்துப்போனார் என்றோ யாரையும் நம்பவைக்க முடியாது. அதே நினைப்பில் இங்கேயும் கதவைத் தட்டுவார்கள். "எனக்கு இப்ப ஒரு அதிகாரமும் இல்லை" என்று சொன்னால், "பரவாயில்லை, சும்மா ஒண்டு எழுதித் தாங்கோ, வச்சிருக்கிறது நல்லதுதானே" என்பார்கள். நானும் எழுதிக் கொடுப்பேன். "மேற்படி நபர் எனக்குத் தனிப்பட்ட முறையில் நன்கு தெரிந்தவர் என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்." அந்த வசனத்தை என் கை தூக்கத்திலும் எழுதும்.

என் மனைவி யோகமலருக்கு இது பெரிய பகிடி. "வெளியிலை கொட்டுற ஸ்நோவுக்கும் ஒரு கடிதம் குடுத்துவிடுங்கோ, இந்தப் பிரிவிலை நிரந்தரமாக வசிக்கிறதெண்டு" என்பாள்.

நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு அறை வீடு, ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்கிறது, போத்தல் மூடி செய்கிற பக்டறியில் பின்னேர வேலை. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. எனக்கு ஒரு மேசையும் கதிரையும் இல்லை. பத்தொன்பது வருடம் மேசைக்குப் பின்னால் இருந்தவனை மெஷினுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்கவைத்தால் முழங்கால் மட்டுமா நோகும்? நகரசபையில் கோப்பு அறை வேலை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அப்படித்தான் 1997ஆம் ஆண்டு ஜனவரியில், ஐம்பத்திரண்டு வயதில், வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தேன். காலையில் வகுப்பு, மூன்று மணிக்கு வேலை. எடுத்த பாடங்களில் ஒன்று இருபதாம் நூற்றாண்டு வரலாறு.

அந்த வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது றசீனா.

றசீனாவுக்கு முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் பெண். கலியாணம் முடித்து எண்பத்தேழிலேயே புருஷன் ஸுபைரோடு கனடாவுக்கு வந்துவிட்டவள். மோர்னிங்சைட்டில் வீடு. நேர்ஸிங் படிக்க ஆசைப்பட்டுச் சான்றிதழுக்கு வந்திருந்தாள். நான் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்பதை ஒருநாள் கண்டுவிட்டு, "அண்ணை, ஏறுங்கோ" என்று தன் பழைய கொறொல்லாவை நிறுத்தினாள். அன்றிலிருந்து தினமும் காலை எட்டு ஐந்துக்கு எங்கள் கட்டட வாசலில் கார் நிற்கும். யோகமலர் தட்டை வடை சுட்டுக் கொடுத்துவிடுவாள். றசீனா ஒரு கையால் ஸ்டியறிங்கைப் பிடித்து மறுகையால் வடையைக் கடித்துக்கொண்டு, பாடத்தைப் பற்றி என்னோடு சண்டை பிடிப்பாள். நாளின் மிக நல்ல இருபது நிமிடம் எனக்கு அதுதான்.

இரண்டாவது கிழமை அவள் தன் வாப்பாவைப் பற்றிச் சொன்னாள். பெயர் சேகு முகைதீன். பள்ளிவாசல் தெரு முடக்கில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், மற்ற முஸ்லிம் சனங்களோடு சேர்த்து, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொல்லி, அப்போது ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கம் அனுப்பியது. இப்போது புத்தளத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் இருக்கிறார்.

"அண்ணை எந்தப் பகுதிக்கு விதானையாக இருந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"அளவெட்டிப் பக்கம்" என்றேன்.

அது பொய். எண்பத்தெட்டிலிருந்து பள்ளிவாசல் தெரு என்னுடைய பிரிவு. அவள் வெளிநாடு போன பிறகு மாற்றலாகி வந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியாது. அவளுடைய வாப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். என் சைக்கிளுக்குச் செயின் கவர் போட்டுத் தந்தவர்.

பொய் சொன்ன காரணத்தையும் சொல்லவேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி நடுவில் இயக்கத்துப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் என் கந்தோருக்கு வந்தார்கள். பிரிவில் உள்ள எல்லா வீடுகளின் பட்டியலும் வேண்டும், இரண்டு நாள் தவணை என்றார்கள். இடுப்பில் பிஸ்டல் இருந்தது. கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே நாளில் எழுதி முடித்தேன். அவர்கள் கேட்டது ஒரு பட்டியல். நான் கொடுத்தது இரண்டு. பள்ளிவாசல் தெருவின் முப்பத்தொன்பது குடும்பங்களையும் தனித் தாளில் எழுதி, குண்டூசி குத்தி, சீலும் வைத்துக் கொடுத்தேன். நிவாரணச் சாமான் பள்ளிவாசல் மூலமாகப் பங்கிடுவதால் அவர்களைத் தனியாக எழுதுவது என் வழக்கம். தாளை வாங்கிய பெடியன், "நல்ல வடிவாக எழுதியிருக்கிறியள், விதானையார்" என்றான். நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் என்னால் விழுங்கமுடியாமல் தொண்டையில் நிற்பது அந்தச் சந்தோஷம்தான்.

இரண்டு கிழமையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. அந்தத் தாள் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். தெருத் தெருவாக, எல்லாப் பிரிவுக்கும்தான் வந்தது. ஆனால் என் பிரிவில் அவர்கள் வீடு வீடாகப் போனபோது கையில் இருந்தது என் எழுத்து.

இதை றசீனாவிடம் சொன்னால் எட்டு ஐந்துக்குக் கார் வராது. சொல்லாவிட்டால், வடையும் சண்டையுமாக அந்த இருபது நிமிடம் தொடரும். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். நல்லாகத்தான் ஓடியது, வகுப்பு ஹிட்லரிடம் வந்து சேரும்வரை.

எங்கள் ஆசிரியை பேர்ணடெற், கயானாவிலிருந்து வந்தவர். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, 'ரீச்சர்' என்றே கூப்பிட்டோம். அவர் நாஜிகளைப் பற்றிப் பாடம் எடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முகாமில் தொடங்குவார், நானும் ஐயோ பாவம் என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எதிர்பார்த்தேன். அவரோ அலுவலகத்தில் தொடங்கினார். யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், பாட்டன் பூட்டன் யார், என்ன தொழில் என்று எழுதிவைத்த பதிவேடுகள். வேலையிலிருந்து நிறுத்துகிற கடிதங்கள். சட்டங்கள், படிவங்கள். "ஒரு துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் ஆயிரம் பேனாக்கள் வேலை செய்தன" என்றார். நான் என் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கழற்றி மேசைக்குள் வைத்தேன்.

பிறகு நூரம்பேர்க் விசாரணை வந்தது. தலைவர்களும் தளபதிகளும் கூண்டில் வரிசையாக இருந்து, எங்களுக்குத் தெரியாது, கட்டளை என்றார்கள். கட்டளை என்ற ஒன்றை மட்டும் சொல்லி யாரும் தப்ப முடியாது என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். போருக்குப் பிறகு ஜேர்மனியில் லட்சக்கணக்கான சாதாரண ஆட்களுக்கு நூற்று முப்பத்தொரு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்களாம். எந்தக் கட்சி, எந்தச் சங்கம், என்ன பதவி, எவ்வளவு சம்பளம். ரீச்சர் அதில் ஒரு பக்கத்தைக் காட்டினார். உண்மையைச் சொன்னால் என் வாய் ஊறியது. எவ்வளவு ஒழுங்கான படிவம். அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் சுத்தமாகப் பதில் எழுதித் தப்பியிருப்பேன். எந்தக் கட்சியிலும் நான் இருந்ததில்லை.

"பெரிய ஆட்களை அங்கே விசாரித்துவிட்டார்கள். நாங்கள் ஒரு சின்ன ஆளை விசாரிப்போம்" என்றார் ரீச்சர். தானே கற்பனை செய்து எழுதிய வழக்கு ஒன்றை ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். ஒரு சிறு பட்டணத்து நகரசபை எழுதுவினைஞர். கட்சிக்காரர் வந்து குடியிருப்போர் விபரம் கேட்கிறார்கள், கொடுக்கிறார். பிறகு அறுபது யூதக் குடும்பங்கள் காணாமல் போகின்றன. இவர் குற்றவாளியா? வகுப்பில் பதின்மூன்று பேர். ஒருவர் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஒருவர் வழக்குத் தொடுநர், மிச்சம் பதினொரு பேரும் ஜூரி. கோப்பி குடித்த கடதாசிக் கப்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்.

எதிரி என்ற சீட்டு எனக்கு வந்தது. வழக்குத் தொடுநர் றசீனா.

"வேறை ஆரும் செய்யட்டும் ரீச்சர், எனக்கு இங்கிலீஷ் போதாது" என்று கெஞ்சிப் பார்த்தேன். சீட்டு சீட்டுத்தான் என்றுவிட்டார்.

காரில் றசீனாவுக்கு ஒரே சிரிப்பு. "அண்ணை, வாற வியாழக்கிழமை உங்களை உள்ளுக்குத் தள்ளுறன்."

"தள்ளுங்கோ. ஆனா அண்டைக்கும் வீட்டிலை இறக்கிவிடவேணும்."

"மறியல்காரரை நான் காரிலை ஏத்திறேல்லை" என்றாள்.

வியாழக்கிழமை வந்தது. மற்றவர்கள் எல்லாம் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குக் குறிப்பு தேவைப்படவில்லை. அந்த வாதங்களை நான் ஏழு வருடமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்து வந்தவன். எல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது, தமிழில் சொல்கிறேன். "நான் ஒரு சின்ன உத்தியோகத்தன். கேட்டவனிடம் துப்பாக்கி இருந்தது, என்னிடம் பேனா இருந்தது. நான் எழுதாவிட்டால் அடுத்த மேசைக்காரன் எழுதியிருப்பான். எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை. எனக்கும் மனைவி இருக்கிறாள்." குரல் தழுதழுத்தது. நடிக்கவில்லை, தானாகத் தழுதழுத்தது. முன் வாங்கில் இருந்த சோமாலியப் பெண் கண்ணைத் துடைத்தாள். போலந்துக்காரர் தலையை ஆட்டினார். வெல்லப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு காலமும் என்னை நானே வெல்லமுடியாமல் இருந்துவிட்டு, பதினொரு பேரை அரை மணித்தியாலத்தில் வென்றுவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

றசீனா எழுந்தாள். பாய்ந்து விழுவாள் என்று பார்த்தேன். மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "அந்த வேலையை எத்தனை நாளில் முடித்தீர்கள்?"

"ஒரே நாளில்."

"முழுப் பட்டணத்தையும் ஒரே நாளிலா? எப்படி முடிந்தது?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வேலையைப் பற்றி இத்தனை அக்கறையாக யாராவது கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! போத்தல் மூடியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? "அதற்கு ஒரு முறை இருக்கிறது" என்று தொடங்கினேன். "தெரு ஒழுங்கு, வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர் பெயர், பிள்ளைகள் தொகை. ஒரு பார்வையில் விளங்கவேண்டும். பள்ளிவாசல் தெரு ஆட்களைத் தனித் தாளில் எழுதிவிட்டேன். கலந்து எழுதினால் தேடுகிறவர்களுக்குச் சிரமம்."

வகுப்பு சிரித்தது. ரீச்சரும் சிரித்து, "ஜேர்மன் பட்டணத்தில் பள்ளிவாசல் எங்கிருந்து வந்தது? யூத ஆலயத் தெரு என்று சொல்லுங்கள்" என்றார்.

றசீனா சிரிக்கவில்லை. கையில் இருந்த வழக்குத் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தனித் தாளைப் பற்றி இதில் ஒன்றும் இல்லையே. அப்படி எழுதச் சொன்னது யார்?"

பொய் சொல்லியிருக்கலாம். கற்பனை வழக்குத்தானே, கட்சிக்காரன் சொன்னான் என்று போட்டிருந்தால் முடிந்தது. எனக்கு வாய் வரவில்லை.

"ஒருவரும் சொல்லவில்லை" என்றேன்.

"வேறு கேள்வி இல்லை" என்று அவள் உட்கார்ந்தாள்.

ஏழுக்கு நாலு என்று ஜூரி என்னை விடுதலை செய்தது. போலந்துக்காரர் கையைக் குலுக்கி, நீங்கள் நாடகத்தில் சேரவேண்டும் என்றார். ரீச்சர் என் பெயருக்கு நேரே நல்ல புள்ளி ஒன்றைப் போட்டார். வாழ்க்கையில் ஒருமுறையும் இவ்வளவு பேர் என்னைப் பாராட்டியதில்லை.

திரும்பும்போது காரில் றேடியோ போடவில்லை. பங்குனி மாதம், றோட்டோரத்துப் பனி கரைந்து சேறாகக் கிடந்தது. நீல்சன் றோட் சிக்னலில் நிற்கும்போது அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அளவெட்டியிலை எந்தப் பள்ளிவாசல் தெரு, அண்ணை?"

"அளவெட்டி இல்லை, தங்கச்சி."

பிறகு சொன்னேன். பெடியள் வந்தது, பட்டியல் கேட்டது, நான் இரண்டாக எழுதினது, அவன் வடிவென்று சொன்னது, நான் சந்தோஷப்பட்டது. பச்சை விழுந்தும் அவள் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"எங்கடை வாப்பாவும் அந்தத் தாளிலையோ?"

"ஓம். இருபத்திரண்டாவது."

காரைக் கடைகளின் முன்னால் ஒதுக்கி நிறுத்தினாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "இறங்குங்கோ, அண்ணை" என்றாள். அந்த நேரத்திலும் 'அண்ணை' என்றாள், அதுதான் எனக்கு அடித்தாற்போல் இருந்தது. சேற்றுக்குள்ளால் இருபது நிமிடம் நடந்து வீட்டுக்குப் போனேன்.

யோகமலர் கேட்டுவிட்டுக் கனநேரம் வெங்காயம் வெட்டிக்கொண்டே நின்றாள். ஏன் சொன்னனீங்கள் என்று ஏசுவாள் என்று நினைத்தேன்.

"பாதியைத்தான் சொல்லியிருக்கிறியள்" என்றாள்.

"எது பாதி?"

"அண்டைக்கு மத்தியானம் அந்த மனிசன் எங்கடை வீட்டை வந்ததைச் சொன்னீங்களோ? பொய் சொன்னது நானெல்லோ. எனக்கு இண்டைக்கும் அந்தாளின்ரை முகம் தெரியுது."

சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒலிபெருக்கி கத்திவிட்டுப் போன பிறகு சேகு முகைதீன் வியர்க்க வியர்க்க எங்கள் படலைக்கு வந்தார். விதானையாரிடம் ஒரு கடிதம் வேண்டும் என்றார். தாங்கள் மூன்று தலைமுறையாக இந்த ஊர் ஆட்கள், ஒருவருக்கும் தீங்கு செய்யாதவர்கள் என்று ஒரு வரி எழுதித் தந்தால் காட்டிப் பார்ப்பேன் என்றார். நான் உள்ளே கட்டிலில் இருந்தேன். கையை அசைத்து யோகமலருக்குச் சைகை காட்டினேன். "அவர் இல்லை, வெளியிலை போயிட்டார்" என்று அவள் சொன்னாள். படலை சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கடிதம் ஒன்றையும் தடுத்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டு வந்தவர்.

வெள்ளிக்கிழமை எட்டு ஐந்துக்குக் கார் வரவில்லை. பஸ்ஸில் போனேன். வகுப்பில் றசீனாவின் கதிரை வெறுமையாக இருந்தது. என்னால் அவளுடைய நேர்ஸிங் படிப்புக் கெட்டுப்போகுமோ என்று புதுப் பயம் பிடித்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யாரோ செத்ததுபோல இருந்தோம். கீழ் மாடியிலிருந்து ஒருவர் கடிதத்துக்கு வந்தார். "விதானையார் இல்லை" என்று சொல்ல வாயெடுத்த யோகமலர், என்னைப் பார்த்துவிட்டு, "நிக்கிறார், உள்ளை வாங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் எட்டு மணிக்கே கட்டட வாசலில் போய் நின்றேன். பஸ் தரிப்பு எதிர்ப்பக்கம் இருக்கிறது, அங்கேதான் நின்றிருக்கவேண்டும். கால் போகவில்லை. எட்டு ஐந்துக்குக் கொறொல்லா வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "ஏறுங்கோ" என்றாள். 'அண்ணை' இல்லை. ஏறினேன். வடை இல்லை, அன்றைக்கு யோகமலர் சுடவில்லை.

கொஞ்சத் தூரம் போனபிறகு றசீனா பேசினாள். "நேற்று வாப்பாவோடை கதைச்சனான். உங்களைப் பற்றிச் சொன்னன்."

"பட்டியலையுமோ?"

"எல்லாத்தையும். உங்கடை பேரைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். ரெலிஃபோன் காட் முடியப்போகுதெண்டு எனக்குப் பயம். பிறகு சிரிச்சார்."

"சிரிச்சவரோ?"

"ஓம். 'அட, அந்த விதானையாரோ? அண்டைக்கு நான் அவரிட்டை ஒரு கடிதத்துக்குப் போனனான். மனிசி இல்லையெண்டு சொன்னவ. அந்தாளின்ரை செருப்பு வாசல்லை கிடந்தது. இப்ப எண்டாலும் வீட்டிலை நிப்பாரோ எண்டு கேள்' எண்டு சொன்னார்."

செருப்பு. ஏழு வருடமாக எத்தனையோ முறை அந்த மத்தியானத்தை நினைத்திருக்கிறேன். கட்டில், சைகை, படலைச் சத்தம் எல்லாம் நினைவு இருக்கிறது. வாசலில் என் செருப்பு கிடந்தது ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டும் ஒரு சொல் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சிக்னலில் நின்றபோது றசீனா ரிஷுப் பேப்பர்ப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நான் மன்னிக்கிறன் எண்டு சொல்ல வரேல்லை, அண்ணை" என்றாள். 'அண்ணை' திரும்பி வந்திருந்தது. "அது வாப்பாவின்ரை அலுவல். நான் கேஸ் நடத்தினவள் மட்டும். கடிதம் குடுப்பீங்களோ, இல்லையோ?"

இடைவேளையில் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் ஒரு மூலை மேசையில் இருந்தோம். நான் ஆசைப்பட்ட மேசையும் கதிரையும் கிடைத்துவிட்டது. றசீனா தன் கொப்பியிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்துத் தந்து, எதிரில் இருந்து கோப்பி குடித்தாள். நான் எழுதத் தொடங்கினேன்.

'பள்ளிவாசல் தெருவில் வசித்த சேகு முகைதீன் என்பவரும் அவரது குடும்பத்தினரும் மூன்று தலைமுறையாக எனது பிரிவின் நிரந்தர வாசிகள் என்றும், எனக்குத் தனிப்பட்ட முறையில் நன்கு தெரிந்தவர்கள் என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' அதுவரை கை தானாக ஓடியது. பிறகு நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் வசனம் இல்லை. பத்து நிமிடம் யோசித்து, சாதாரண எழுத்தில் எழுதினேன். 'இவர்களை 30.10.1990 அன்று ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். இவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. இவர்களுடைய பெயர்களை ஒருவரும் கேளாமலே தனித் தாளில் எழுதிக் கொடுத்தவன் நான். அன்று இவர் இந்தக் கடிதத்துக்கு வந்தபோது நான் வீட்டில் இருந்தேன்.'

கையெழுத்தை வைத்து, கீழே முழுப் பெயரையும் எழுதினேன். சீல் இல்லாத இடம் மொட்டையாகத் தெரிந்தது.

றசீனா இரண்டு முறை வாசித்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வழக்குத் தொடுநர் வழக்குத் தொடுநர்தான்.

"திகதி போடேல்லை."

உண்மைதான். ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியவன், முதல் முறையாகத் திகதியை மறந்துவிட்டேன். பேனாவை எடுத்து, முப்பது, பத்து என்று மனதுக்குள் தொடங்கினேன். அந்த மனிதன் கேட்ட நாளிலேயே கொடுத்ததாக இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. என் கை எங்கே போகிறது என்று அவள் கண்டுகொண்டாள்.

"இண்டையான் திகதியைப் போடுங்கோ, அண்ணை" என்றாள். "அண்டைக்கு நீங்கள் தரேல்லை."

இன்றைய திகதியைப் போட்டேன். அவள் தாளை நான்காக மடித்து, நேர்ஸிங் விண்ணப்பம் இருந்த உறைக்குள் பத்திரமாக வைத்தாள். வகுப்புக்கு மணி அடித்தது. படியேறும்போது, நாளைக்கு வடை வருமோ என்று கேட்டாள். யோகமலரிடம் சொல்கிறேன் என்றேன்.